வேலிக்கு அந்தப் பக்கம் உதிர்ந்த பிஞ்சு

என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கட்டிய பல் மேல் சத்தியம் செய்கிறவன் நானில்லை. இவை என் சொந்தப் பற்கள், ஆப்பிள் கடித்தே தேய்ந்தவை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும் பழக்கம் என் சகலைக்குத்தான் உண்டு.

சகலையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளை நான் கட்டினேன், இளையவளை அவர் கட்டினார். மாமனார் தம்முடைய சரிவு நிலத்துக்கு நடுவே வேலி போட்டு, ஆப்பிள் மரங்கள் இருந்த பாதியை என்னிடமும் பேரி மரங்கள் இருந்த பாதியை அவரிடமும் பார்த்துக்கொள்ளக் கொடுத்தார். வேலி என்றால் மதில் இல்லை, வெறும் கம்பி. அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இந்தப் பக்கம் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு இத்தனை சீக்கிரம் தலை நரைத்திருக்காது.

எனக்கு அவர் மேல் பொறாமை என்று பேசிக்கொள்வார்கள். இல்லவே இல்லை. அவருடைய மீசை என் மீசையைவிட அடர்த்தியாக இருந்தது. அதைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை. அவருடைய மருந்தடிக்கும் மிஷின் புதிது, பூனைபோல் உறுமும். என்னுடையது காசநோய்க்காரன்போல் இருமும். அதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வேலை செய்யும்போது அவர் சீட்டியடிப்பார். சுருதி தப்பாது. அவருடைய பேரிக்காய் ஒவ்வொன்றும் கழுத்து நீண்டு, இடுப்பு பெருத்து, கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியைப் பிடித்துவிட்ட சம்பந்தியம்மாள்போல் கிளையில் உட்கார்ந்திருக்கும். அந்த நாட்களில் என் வயிற்றில் ஓர் எரிச்சல் இருந்தது வாஸ்தவம். அதற்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார்.

சரிவுக்கு மேலே மாமனார் தாமே பார்த்துவந்த மேட்டுத் தோட்டம் ஒன்று இருந்தது. காலை வெயில் முதலில் விழுவது அங்கேதான். உறைபனி அங்கே தங்காமல் வழிந்து கீழே எங்கள் மரங்களுக்கு வந்துவிடும். பாறையடியில் வற்றாத ஊற்று. அந்தத் தோட்டத்தில் குச்சியை நட்டாலும் பழுக்கும். அந்த வருஷம் மரங்கள் பூத்துக்கொண்டிருந்த சமயத்தில் மாமனார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, சமையலறை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தார். முழங்காலில் கம்பளித்துணி சுற்றியிருந்தது.

"இனிமே என்னால மேட்டுக்கு ஏற முடியாது. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் அதைப் பாத்துக்கணும்."

"யாரு மாமா?" என்றோம் இருவரும் ஒரே மூச்சில்.

அவர் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய வளையத்தை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். பழத்தின் பருமனைப் பார்ப்பதற்காக எங்கள் தொழிலில் வைத்திருக்கும் வளையம் அது. அதற்குள் நுழைந்துவிட்டால் சாதாரணப் பழம், நுழையாவிட்டால் முதல் தரம்.

"பறிப்பு முடியற அன்னைக்கு ஆளுக்கு ஒரு பழம் கொட்டகைக்குக் கொண்டு வாங்க. இதுல நுழையக் கூடாது. நுழையாததுல பெரிசு யாருதோ, மேட்டுத் தோட்டம் அவருக்கு."

"ஆப்பிளையும் பேரியையும் ஒண்ணா வச்சு எப்படி மாமா அளக்கறது?" என்றேன்.

"ரெண்டு மாப்பிள்ளைங்களையும் ஒண்ணா வச்சுத்தானே இத்தனை வருஷம் அளந்துட்டிருக்கேன்" என்றார் மாமனார். சகலை சிரித்தார். அவர் சிரித்தால் மீசையும் சேர்ந்து சிரிக்கும்.

இங்கே தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆப்பிளாகட்டும் பேரியாகட்டும், மரம் பேராசை பிடித்தது. கொத்துக்கொத்தாகப் பூத்து, கொத்துக்கொத்தாகப் பிஞ்சு வைக்கும். எல்லாவற்றையும் வளரவிட்டால் எல்லாமே கோலிக்குண்டாக நின்றுவிடும். அடுத்த வருஷம் மரம் களைத்துப்போய்ப் பூக்கவே பூக்காது. அதனால் பிஞ்சு சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்ததும் பிஞ்சு கலைக்கும் மருந்தை அடிப்போம். மருந்து பிஞ்சைப் பிடித்துக் கீழே தள்ளுவதில்லை. மரத்தைச் சில நாள் அரைப்பட்டினி போடுகிறது. வீட்டில் சோறு குறைந்தால் யாருடைய தட்டு முதலில் காலியாகும்? நோஞ்சான் தட்டுத்தான். அப்படி மரம் நோஞ்சான் பிஞ்சுகளை உதிர்த்துவிட்டு, கொத்துக்கு நடுவே முதலில் பூத்த மூத்த பிஞ்சை மட்டும் வைத்துக்கொள்ளும். வெயில் ஏறினால் அதிகமாக உதிரும். குளிரடித்தால் உதிரவே உதிராது. இதில் கஷ்டமானது அடிப்பது இல்லை, அடித்த பிறகு காத்திருப்பது. ஒரு வாரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகுதான் கொட்டும்.

மருந்துக்கடைக்காரர் கேனை என் கையில் கொடுக்கும்போதே சொன்னார். "அடிச்சிட்டு எங்கயாவது ஊருக்குக் கிளம்பிடுங்க. தோட்டத்தைப் பாக்காதீங்க. முக்கியமா பக்கத்துத் தோட்டத்தைப் பாக்காதீங்க."

எனக்குப் போக ஊர் இல்லை. இருந்த ஒரே சொந்தம் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

நானும் சகலையும் ஒரே காலையில், ஒரே மருந்தை, முகமூடி போட்டுக்கொண்டு அடித்தோம். அவர் முகமூடிக்குள்ளேயும் சீட்டியடித்தார். சில நாள் கழித்து நான் ஏதோ வேலையாக வேலிப் பக்கம் போனேன். என்ன வேலை என்று இப்போது நினைவில்லை. தினமும் அந்த வேலை இருந்தது. அன்று பார்க்கிறேன், அவருடைய மரத்தடியில் பச்சைமிளகைக் கொட்டி வைத்ததுபோல் பிஞ்சு. என் மரத்தடியில் ஓர் எறும்பு.

"என்ன சகலை, உங்க பக்கம் ரொம்ப அமைதியா இருக்கே?" என்றார்.

"அமைதியா இருக்கறதுதான் நல்ல தோட்டம்."

"குடுத்து வச்சவங்க நீங்க. இங்க பொழுதன்னைக்கும் சொடசொடன்னு ஒரே சத்தம். கொஞ்சம் பஞ்சு இருந்தா குடுங்க, காதுல வச்சுக்கறேன்."

வீட்டுக்கு வந்தால் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தங்கச்சி வீட்டுல பிஞ்சைக் கூடை கூடையா வாரிக் கொட்றாங்களாம்."

"பிஞ்சு உதிர்றது ஒரு பெருமையா?"

"உதிராதது பெருமைன்னா, நம்ம வீட்டைப் போலப் பெருமையான வீடு எதுவுமில்லைங்க."

மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டேன். கேட்கவில்லை. நேரே மருந்துக்கடைக்குப் போனேன்.

"அடிச்சு எத்தனை நாளாச்சு?" என்றார் கடைக்காரர்.

"ஆச்சு, ஒரு வாரம் ஆகப்போகுது."

"ஆகப்போகுதுன்னா இன்னும் ஆகலை. பேரி முன்னாடி கொட்டும், ஆப்பிள் பின்னாடி கொட்டும். போய் படுங்க."

"இன்னொரு தடவை அடிச்சா?"

அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். "இந்த வாரத்துல எல்லா ஆப்பிள்காரருக்கும் கை அரிக்கும். சோப்பு போட்டுக் கழுவுங்க. அடிக்காதீங்க."

கழுவினேன். அரிப்பு நிற்கவில்லை. வீட்டில் கேனில் பாதி மருந்து இருந்தது. அன்று வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. முதல் தடவை கலந்ததைவிடக் கெட்டியாகக் கலந்து, மத்தியானத்தில் மறுபடியும் அடித்தேன். இதைத் தப்பு என்று சொல்லுகிறவர்கள் பக்கத்தில் சகலை இல்லாத தோட்டக்காரர்கள்.

மறுநாள்தான் முதல் தடவை அடித்த மருந்து வேலையை ஆரம்பித்தது. அது முடிப்பதற்குள் இரண்டாவது மருந்து வந்து கைகொடுத்தது. ஆலங்கட்டி மழைபோல் கொட்டியது. நோஞ்சான் போயிற்று, நடுவானது போயிற்று, மூத்த பிஞ்சும் போயிற்று. இலைக்கடியில் குடியிருந்த புழுக்கள்கூட, இனி இங்கே என்ன இருக்கிறது என்று குடும்பத்தோடு இறங்கி வேலியைத் தாண்டிப் போவதை என் கண்ணால் பார்த்தேன்.

அதோடு நிற்கவில்லை. மத்தியானக் காற்றில் மருந்துச் சாரல் வீட்டுப் பக்கம் போயிருக்கிறது. கொடியில் காய்ந்த என் சட்டைகளில் பொத்தான்கள் உதிர்ந்துவிட்டன. சட்டைக்கு ஒரு பொத்தான்தான் மிச்சம். அதுவும் வளர்ந்து வளர்ந்து டீ சாஸர் அளவுக்கு வந்துவிட்டதால் எந்தத் துளையிலும் மாட்ட முடியவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி மேலும் சாரல் பட்டுவிட்டது. நாள் முழுவதும் சில்லறை சில்லறையாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து நாளுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். ஆனால் எல்லாத் திட்டின் சத்தும் அதிலேயே சேர்ந்துவிட்டதால் அதைத் தாங்குவது முன்பைவிடக் கடினமாக இருந்தது.

தோட்டம் பூராவும் ஏணி போட்டுத் தேடினேன். வேலியோரத்துக் கடைசி மரத்தில் ஒரே ஒரு பிஞ்சு இருந்தது.

நான் அழவில்லை. யோசித்துப் பாருங்கள். சரிவு முழுக்க மரம், மண்ணுக்குள்ளே எல்லா வேரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, அத்தனை வேரும் உறிஞ்சுகிற சத்துக்கு வாய் ஒன்றே ஒன்று. பிஞ்சு மறுநாளே எலுமிச்சையாயிற்று. அந்த வாரத்திலேயே தேங்காயாயிற்று. பிறகு குடம், பிறகு அண்டா. காதை வைத்தால் அது வளரும் சத்தம் எண்ணெய் போடாத கதவைத் திறப்பதுபோல் கேட்கும். கிளைக்கு முட்டுக் கொடுக்க முதலில் கொம்பு வைத்தேன், பிறகு கட்டில் கால்கள், பிறகு ஒரு மின்கம்பம். மின்கம்பம் எங்கிருந்து வந்தது என்பது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்லை. கோடை முடிவதற்குள் ஆப்பிள் எங்கள் வீட்டைவிட ஒரு பிடி உயரமாக நின்றது. சாயங்காலம் அதன் நிழல் வேலியைத் தாண்டிப்போய் சகலையின் பேரி மரங்கள் மேல் படுத்துக்கொண்டது.

அவர் சீட்டியடிப்பதை நிறுத்தினார். என் வாழ்நாளில் நான் கேட்ட நல்ல சங்கீதம் அந்த நிசப்தம்தான்.

"சகலை, உங்க ஆப்பிளைக் கொஞ்சம் நகத்தி வைங்களேன்" என்றார் ஒருநாள். "மத்தியானம் சாப்பிட்டு எழுந்தா இங்க இருட்டிடுது."

"வளர்ற பிள்ளையை நகந்துக்கோன்னு சொல்லலாமா சகலை?"

"அது பிள்ளையா? எனக்குப் பூதம் மாதிரி தெரியுது."

"பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்பவும் அப்படித்தான் தெரியும்."

அவர் மூக்கின் நுனி சிவந்தது. அடடா, அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற சிவப்பு.

மறுநாளே அவர் தம்முடைய புது மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, தாமும் ஒற்றைப் பழம் வைத்துக்கொள்வதாகத் தீர்மானித்து, காய்த்த பேரி மரங்கள் மேல் மருந்தை அடித்தார். பேரி அப்போது கோழிமுட்டையைத் தாண்டிவிட்டது. அந்த அளவுக்கு மேல் எந்த மருந்துக்கும் மரம் காது கொடுக்காது. ஒரு காய்கூட அசையவில்லை. ஆனால் எதிர்க்காற்று. சாரல் திரும்பி அவர் முகத்துக்கே வந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த மீசையில் நடுவே ஒரே ஒரு முடி மிச்சமிருந்தது. அது தாம்புக்கயிறு பருமனுக்கு வளர்ந்தது. அதை அவர் காதில் சுற்றி வைத்துக்கொண்டு நடமாடினார். நான் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று என் மீசையைச் சீவிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பறிப்பு முடிந்தது. பழங்களைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். மாமனார் மேஜைக்குப் பின்னால் வளையத்தோடு உட்கார்ந்திருந்தார். சகலை ஒரு வெள்ளைத் துணியைப் பிரித்து ஒரு பேரியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

உண்மையைச் சொல்லத்தானே சத்தியம் செய்திருக்கிறேன். அழகான பேரி அது. புள்ளி இல்லை, வடு இல்லை, காம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழுத்திலிருந்து இடுப்புக்கு இறங்குகிற வளைவில் வெளிச்சம் வழுக்கியது. வெளியே வீட்டைவிடப் பெரிய ஆப்பிளை வைத்துக்கொண்டு, உள்ளே நான் அந்தப் பேரியைப் பார்த்து மாத்திரைக்காகச் சட்டைப்பையைத் துழாவினேன்.

மாமனார் வளையத்தை மாட்டினார். கழுத்தில் இறங்கி இடுப்பில் நின்றுவிட்டது.

"நுழையலை!" என்று கொழுந்தியாள் கைதட்டினாள்.

என் மனைவி அன்றைக்கான வாக்கியத்தை அதுவரை செலவழிக்கவில்லை. பேரியைக் கையில் எடுத்துப் பார்த்து, என்னையும் ஒரு தடவை பார்த்து, "இது பழம்" என்றாள். அவ்வளவுதான். இடி விழுந்தால்கூட நான் அப்படி ஆடிப்போயிருக்க மாட்டேன்.

"உங்க பழம் எங்க மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"மரத்துல இருக்கு மாமா. இங்கிருந்தே தெரியுதே."

"தெரிஞ்சா போதாது. கொட்டகைக்குள்ள வராத பழத்தை நான் அளக்கறதில்லை."

காம்பு என் தொடைப் பருமன். அதை அறுக்க இருபுறமும் கைப்பிடி வைத்த நீள ரம்பம் வேண்டும். ரம்பம் இருந்தது. மறுமுனையைப் பிடிக்க வாகான தோள் அந்தக் கொட்டகையில் ஒருவருக்குத்தான் இருந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

"சகலை, ஒரு கை குடுக்கறீங்களா?"

"குடுத்தா மேட்டுத் தோட்டம் உங்களுக்குப் போயிடும்."

"போயிடும்தான்."

அவர் காதில் சுற்றியிருந்த மீசையை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகச் சுற்றினார். "வரேன். வரலைன்னா பொறாமையில வரலைன்னு பேசுவாங்க. உங்களைப் பேசற மாதிரி."

இருவரும் ஆளுக்கொரு ஏணியில் நின்று இழுத்தோம். அவர் இழுப்பு என் இழுப்பைவிடச் சீராக இருந்தது. அதையும் நான் கவனிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். காம்பு முறிந்தது. ஆப்பிள் ஒரு முறை யோசித்தது, பிறகு சரிவில் உருண்டது. கொழுந்தியாள் ஒரு பக்கமும் என் மனைவி ஒரு பக்கமும் பாய்ந்தார்கள். அது நேரே போய்க் கொட்டகை வாசலில் முட்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே மாமனார், பேரியோடு.

"மாமா! கொட்டகைக்குள்ள வந்தாச்சா?" என்று கத்தினேன்.

"பாதி வந்திருக்கு" என்று எங்கேயோ கிணற்றிலிருந்து கேட்பதுபோல் குரல் வந்தது. "முதல்ல என்னை வெளியில எடுங்க மாப்பிள்ளை. மூச்சு முட்டுது."

"எடுக்கறேன் மாமா. வளையத்துல நுழையுதா, சொல்லுங்க."

"கொட்டகையிலயே நுழையலை!"

"பேரியைவிடப் பெரிசா?"

உள்ளே இருமல் மட்டும் கேட்டது.

"மாமா?"

"பெரிசுதான், பெரிசுதான். எடுத்துத் தொலைங்க!"

எடுப்பதற்கு வேறு வழியில்லை, தின்பதுதான். வெளியிலிருந்து நாங்களும் உள்ளேயிருந்து மாமனாரும் தின்றோம். சகலை எங்கள் எல்லோரையும்விட வேகமாகத் தின்றார். சாயங்காலம் நடுவில் ஒரு குகை விழுந்து, அதன் வழியாக மாமனார் தாடியெல்லாம் சாறு வழிய ஊர்ந்து வந்தார். நிமிர்ந்து நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் மாவா இருக்கு" என்றார். அளவுக்கு மீறிப் பருத்த பழம் எதுவும் மாவாகத்தான் இருக்கும். பிறகு எல்லோரும் பார்க்க என் தோளில் கைவைத்து, "மேட்டுத் தோட்டம் உங்களுக்குத்தான் மாப்பிள்ளை" என்றார். சகலை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மூக்கு நன்றாகச் சிவந்திருந்தது. அன்று நான் மாத்திரை இல்லாமல் தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் என் மனைவி அன்றைக்கான வாக்கியத்தைச் செலவழித்தாள்: "பழம் வளக்கத் தெரிஞ்சவர்கிட்டத் தோட்டத்தைக் குடுத்துடுங்க." மேட்டுத் தோட்டத்தை அன்றிலிருந்து இன்றுவரை பார்த்துக்கொண்டிருப்பவர் என் சகலை.